மலையேறிய வளையல் கடை

ஆடி 9, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். வளையல் பெட்டிகள், ரிப்பன், சாந்து, ஊக்கு, தார்ப்பாய், பெட்ரோமாக்ஸ். கண்டக்டர் முனகிக்கொண்டே பஸ் மேல் ஏற்றினார். "நம்ம கடை மலையேறப் போவுது" என்று இவர் சிரிக்கிறார். விளக்கு அணைந்தால் சொல்கிற வார்த்தை. நல்ல நேரத்தில் நல்ல வாய்.

கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய ஃபேன்ஸி ஸ்டோர் வந்ததிலிருந்து நம் கடைக்கு ஈ காக்கை இல்லை. ஊர் ஊராகத் திருவிழாக் கடை போடலாம் என்றது நான்தான். இதுதான் முதல் ஊர். இது தேறாவிட்டால் கடையை மூடிவிட்டு பெங்களூரில் இவர் அண்ணன் வீட்டோடு போய் இருப்பதென்று பேச்சு. அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்திருக்கிறேன். ஜென்மத்துக்கும் போதும்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, திருவிழா நடக்கும் மலைக் கிராமத்துக்கு நடை. கோயில் எதிரே புளியமரத்தடியில் இடம். இருட்டுவதற்குள் கடை கட்டியாயிற்று. வளையல் சரம் எல்லாம் தொங்கவிட்டதும் அழகாகத்தான் இருந்தது. பெருமையாகவும்.

ஆடி 10, வியாழன்

குளிர். பல்வலி. கிராம்பு கொண்டுவர மறந்தேன்.

பெண்கள் வருகிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். வாங்கவில்லை. முனியம்மா என்று ஒருத்தி, பச்சை வளையலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அளவு பார்க்கக் கையைப் பிடித்தேன். களை எடுத்துக் காய்த்துப்போன கை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் பூ வுழலியேக்கா. பூ வுழுந்தாத்தான் திருநா. அதுக்கு முன்ன புது வளையலு கையில ஏறக் கூடாது."

"எப்ப வுழும்?"

"அம்மன் தலையில வச்சிருக்குது. வலப்பக்கம் வுழணும். அது மனசு."

இவருக்குக் கண்டக்டர் சொன்ன நாள், அமாவாசை கழிந்த வெள்ளி. கீழே நோட்டீஸ் ஒட்டி நாள் போட்டுவிடுவார்கள், அம்மனும் அதன்படி தேர் ஏறுவாள். இங்கே அவள்தான் நாள் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஆடி 11, வெள்ளி

விழவில்லை. காலையில் பூசாரி கேட்டார், விளக்கு வைக்கும்போதும் கேட்டார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும்தான். ஓர் அம்மாவுக்கு அருள் வந்து, ஒன்றும் சொல்லாமலே மலையேறிவிட்டது. ஏற்கெனவே மலைமேல்தானே இருக்கிறாள், இன்னும் எங்கே ஏறுவாள்?

வியாபாரம்: ஊக்கு, ஒரு அட்டை. வாங்கியவர் காவலூர் டெலஸ்கோப் கூடத்து ஜீப் டிரைவர். அங்கே வானம் பார்க்கிறவர்களும் சும்மாதானாம். "ஒரே மேகம்மா. அவ்ளோ பெரிய கண்ணாடிய மூடிப் போட்டுட்டு எல்லாம் ஒக்காந்துனு கீறாங்க." கேட்டதும் கொஞ்சம் ஆறுதல். வெட்கமாகவும் இருந்தது.

ஆடி 12, சனி

காற்று. தார்ப்பாய் ஒரு மூலை கிழிந்தது. சிவப்பு வளையல் ஒரு சரம் போச்சு. இவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்குகிறார்.

"வெலைய கொறைச்சிப் பாக்கலாங்களா?"

"சும்மா குடுத்தாலும் போட மாட்டாங்கடி."

யார்மேல் கோபப்படுவது? ஊர் ஜனம் நல்ல ஜனம். வேளாவேளைக்குக் களி வருகிறது, கீரை வருகிறது. கோயில் வாசலில் நின்று அம்மனை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். பயம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பூ: இல்லை.

ஆடி 13, ஞாயிறு

வெயில், வந்ததிலிருந்து முதல் தடவை.

பூ விழுந்தது. இடப்பக்கம்.

"இப்ப வேணாங்கறா. சாம அறுத்துட்டுக் கேப்போம்" என்றார் பூசாரி. சாமை அறுப்புக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. அவ்வளவுதான், அவரவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டும்போது ஆயிரம் யோசித்தோம். பிரிக்க யோசனையே தேவைப்படவில்லை. "அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டுடு" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். சரி என்றேன்.

முனியம்மா ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள். பச்சை வளையலை எடுத்து அவள் மடியில் வைக்கப் போனேன். பின்வாங்கினாள்.

"வூட்ல இருந்தா கை சும்மா இருக்காதுக்கா, போட்டுடுவேன். ஒங்கிட்டயே இருக்கட்டும். வேற யாருக்கும் குடுத்துடாத."

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாக "வர்றேன்" என்றேன். புறப்படும்போது வேறெப்படிச் சொல்வார்கள்?

பஸ்கூடவே ஓடி வந்தாள். "எப்பக்கா? சாம அறுத்ததுமா?"