அயனம்பாக்கத்துக்கு வந்த டிராம் வண்டி

அயனம்பாக்கம்,
புரட்டாசி மாதம், 1940

சிரஞ்சீவி ராஜசேகரனுக்கு அம்மா நாகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் தங்கை தாட்சாயிணியும் சௌக்கியம், மாடு கன்றும் சௌக்கியம். உன் நைனாவுக்கும் உடம்பு சௌக்கியம்தான், புத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரங்கூனில் உனக்கு இருமல் நின்றதா என்று எழுது.

ஆயுசெல்லாம் டிராம் ஓட்டி ரிடையரான மனுஷன் இனி வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைத்தது என் தப்பு. கம்பெனி கழித்துப் போட்ட பழைய டிராம் ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டார். மின்சாரத்தில் ஓடின வண்டியை மாடு பூட்டிப் பூந்தமல்லி ரோட்டில் இழுத்து வந்தார்கள், ஊரே கூடிச் சிரிக்கிறது, இவர் முன்னால் நின்று மணி அடித்துக்கொண்டு வருகிறார். இப்போது வைக்கோல் போர் மழையில் நனைகிறது, வண்டிக்கு மட்டும் கூரை போட்டாகிவிட்டது. பித்தளைப் பிடியைத் தேய்த்தே என் புளியெல்லாம் தீர்ந்தது. வந்தவர்களை எல்லாம் உள்ளே உட்கார வைத்துக் கதை வேறு. ஆதியில் மின்சாரக் கம்பி ரோட்டுக்கு அடியில் இருந்ததாம், மழைக்குத் தண்ணீர் இறங்கி வண்டி நின்றுவிடுமாம், அப்புறம்தான் தலைக்கு மேலே கம்பி இழுத்தார்களாம், குதிரையில்லாமல் போகிறதே என்று ஜனங்கள் ஏறவே பயந்தார்களாம். பேரப்பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டாமா என்கிறார். அதற்கு முதலில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்றேன், காதில் விழவில்லை.

அந்தக் கல்யாணமும் கூடி வந்தது. வேலப்பன்சாவடி லோகநாதன் தன் மகனுக்குப் பெண் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். வீட்டில் பாய் விரித்து வைத்திருந்தேன், உன் நைனா அவர்களை நேரே டிராமில் ஏற்றி, சீட்டின் சாய்மானத்தைத் திருப்பிப் போட்டு எதிரும் புதிருமாக உட்கார வைத்தார். தாட்சாயிணி காபித் தட்டோடு படியேறிப் போய்க் கொடுத்தாள். அவர்களுக்குப் பெண் பிடித்துவிட்டது, உன் நைனாவும் தருகிறேன் என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். லோகநாதன் இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். சீரு ஒண்ணியும் வேணாம் சம்பந்தி, இந்த வண்டிய குடுங்க போதும், சண்டையில இரும்பு வெல ஏறிக்கீது, ஒடச்சி எடைக்குப் போட்டுக்கிறேன் என்றார். உன் நைனா யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர்கள் போன பிறகு தாட்சாயிணி, என்னியக் குடுக்க யோசிக்கல, வண்டியக் குடுக்க யோசிக்கிறியே நைனா என்று கேட்டாள். மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விடிந்ததும் வேலப்பன்சாவடிக்கு நடந்தே போனார். வண்டி ஒழிந்தது, பெண் கரையேறினாள் என்று நான் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். இவர் அங்கே போய், ரெண்டுல ஒண்ணுதான் குடுப்பேன், எது வோணும்னு சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெரிய மனுஷன் கொஞ்சமும் தயங்காமல், அப்ப வண்டியே போதும், குடுங்க என்றாராம். இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். நான் சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் விட்டுவிட்டு, கூப்பிட்டுச் சோறு போட்டேன். தாட்சாயிணி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

அந்த வீட்டுக்கு அவள் போகாததில் எனக்குச் சந்தோஷம்தான். இதை உன் நைனாவுக்கு எழுதிவிடாதே, இன்னொரு வண்டி ஏலம் எடுக்கப் போய்விடுவார். அங்கே நம் பக்கத்துப் பையன் யாராவது இருந்தால் பார், இரும்பு வியாபாரம் மட்டும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் நனையாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
நாகம்மாள்