உன் போன்ல கூவுன கோழி

உன் போனோட பின்பக்க கவர கழட்டுனதும் விபூதி வாசன வந்துச்சு. மலைக்கோயில்ல குடுத்த விபூதிய பேப்பரோட மடிச்சு கவருக்குள்ள சொருகி வச்சிருக்க. பேப்பர் கிழிஞ்சு கேமரா ஓரம், சார்ஜர் ஓட்ட எல்லாம் வெள்ள வெள்ளையா இருந்துச்சு. கூடவே ஒரு சேஃப்டி பின், காஞ்சுபோன மல்லிப்பூ. இந்த மாதிரி போன என் ரிப்பேர் கடையில எத்தனையோ பாத்திருக்கேன். கிருத்திக முடிஞ்ச மறுநாளு வர்ற போனுக்கெல்லாம் ஸ்பீக்கர் ஓட்டையில சந்தனம் அடச்சிகினு இருக்கும், மொட்டத் தலையில தடவுனது. பிரஷ்ஷால தட்டிட்டு அடுத்த போன எடுப்பேன். இத மட்டும் தட்ட கை வரல. பேப்பர மடிச்சு சட்டப் பையில போட்டுகினேன்.

உன் தங்கச்சி சின்னிக்கு இந்த போன குடுக்கணும். நர்சிங் படிக்க சேந்துட்டா, திருவள்ளூர் பக்கம் ஹாஸ்டல். பாடமெல்லாம் போன்லதான் அனுப்புறாங்களாம். உங்கம்மா பொதட்டூர்பேட்டையிலருந்து போன் பண்ணி, தறி சத்தத்துக்கு மேல கத்தி கேட்டாங்க. "இப்ப புதுசு வாங்க முடியாது மாப்ள. அவளோடது சும்மாதானே கீது?"

சும்மா இல்ல அத்தன்னு சொல்ல வாய் வரல. "ஆங், குடுக்குறேன் அத்த"ன்னு வச்சிட்டேன்.

உனக்குத் தெரியும், அது சும்மா இல்ல. காய்ச்சல்னு படுத்த நீ எழுந்துக்கவே இல்ல. ஆனா நீ வச்ச அலாரம் தினம் அஞ்சேகாலுக்கு எழுந்துகினே இருந்துச்சு, நான் சார்ஜ் போட்டு வச்சதால. அந்த கோழி. கொக்கரக்கோன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி. கல்யாணம் ஆன புதுசுல நான் எப்டி கத்தியிருக்கேன்! "வேற சத்தமே கெடைக்கலயா உனக்கு?" நீ தலகாணிய என் மூஞ்சில போட்டுட்டு, "மெலோடி வச்சா நீ தாலாட்டுன்னு நெனச்சிகினு தூங்குவ பாவா"ன்னுவ. எங்கம்மா ஒரு நாளு சிரிக்காம வந்து கேட்டாங்களே, "ஏம்மா, எதிர்வீட்டுக்காரி முட்ட இருந்தா குடுக்கச் சொல்றா, என்ன சொல்லட்டும்?" நீ சிரிச்ச சிரிப்புல பல்லு வெளக்குற நுர எல்லாம் செவுத்துல.

நீ அம்பத்தூர் பக்கம் துணி கம்பெனிக்குப் போற ட்ரெயின புடிக்கத்தான் அந்த அலாரம். உன்ன ஸ்டேஷன்ல விடுறது என் வேல. வீட்ல சாப்பிட உனக்கு நேரமே இருக்காது. வண்டியில பின்னாடி ஒரு பக்கமா உக்காந்துகினு டப்பாவத் தொறந்து இட்லி தின்னுகினே வருவ. ஸ்டேஷனுக்கு முன்னாடி அந்த ஸ்பீட் பிரேக்கர் வந்தா முதுகுல ஒரு குத்து. "மெல்ல போ பாவா, சட்னி கொட்டிடும்!" எத்தன சட்டையில சட்னி.

நீ இல்லாம போனப்புறமும் கோழி கூவும், நான் எழுந்துப்பேன், வண்டிய எடுத்துகினு ஸ்டேஷன் வரைக்கும் போவேன். ட்ரெயின் கெளம்புனதும் திரும்பிடுவேன். அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எனக்கே ஏன்னு தெரியல. அந்த நேரத்துல ஒடம்பு வேற எதுவும் செய்ய மாட்டேங்குது, அவ்ளோதான்.

ஞாயித்துக்கெழம கடைய சாத்திட்டு உக்காந்தேன். மெமரி ரொம்பி, போன் ஒரு பக்கம் தொறக்கவே மூச்சு வாங்குச்சு. ரீசெட் அடிக்காம சின்னிக்கு குடுக்க முடியாது. அடிச்சா உள்ள இருக்குற நீ மொத்தமா போய்டுவ. கடைக்கு வர்றவங்க கிட்ட நான் சொல்றத நீ அழகு காட்டுவியே, மூக்க சுருக்கிகினு: "பேக்கப் எடுத்தாச்சாங்க? அப்புறம் வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." அத எனக்கே சொல்லிகினு ஒண்ணொண்ணா எடுத்தேன். போட்டோ. நம்ம பேசுனது, நீ அனுப்புன வாய்ஸ் எல்லாம். நம்பருங்க. கம்ப்யூட்டர்ல ஒரு தபா, தனியா கார்டுல ஒரு தபா. தொறந்து பாத்து, ஓடுதான்னு கேட்டு. உன் குரல கேக்கும்போதுகூட வால்யூம் சரியா இருக்கான்னுதான் பாத்துகினு இருந்தேன். அப்டி ஆயிட்டேன்.

கடைசியா உன் மெயில் ஐடிய போன்லருந்து எடுக்கணும். எடுக்காம அழிச்சா, பழைய ஐடிய கேட்டு போன் பூட்டிக்கும், சின்னி மாட்டிப்பா. பாஸ்வேர்ட் கேட்டுச்சு.

நான்தானே அந்த ஐடிய போட்டுக் குடுத்தேன். உங்க நைனாகூட கடைக்கு வந்த அன்னிக்கி. உங்க நைனா, "மெயிலெல்லாம் எதுக்குப்பா, பேசுனா போதாதா?"ன்னு நின்னாரு. நீ கவுண்டர்ல சாஞ்சிகினு நான் டைப் பண்றத பாத்துகினு இருந்த. புது போன் வாங்குற எல்லாருக்கும் கடையில போடுற அதே பாஸ்வேர்டுதான் உனக்கும், நம்ம ஊரு பேரு தணிகை, பக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணு. "வீட்டுக்குப் போய் மாத்திடுங்க, இது ஊர்ல பாதி பேருக்குத் தெரியும்"னேன். "ஆங், மாத்திட்றேங்க"ன்ன, அவ்ளோ மரியாதையா. கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டப்ப, "மாத்திட்டேன், உனக்கு மட்டும் சொல்ல மாட்டேன்"னு கண்ண சிமிட்டுன.

அதனால உன் பொறந்த நாளு போட்டேன். என் பேரு, சின்னி பேரு, நம்ம கல்யாண தேதி. எதுவும் இல்ல. இன்னும் தப்பா போட்டா கொஞ்ச நேரம் பூட்டிக்கும்னு பயம். வேற வழியில்லாம தணிகை ஒண்ணு ரெண்டு மூணு அடிச்சேன்.

தொறந்துச்சு.

மாத்தவே இல்ல நீ. இத்தன வருஷமா ஊருக்கே தெரிஞ்ச பூட்ட போட்டுகினு என்கிட்ட ரகசியம் காட்டிகினு இருந்திருக்க. கடையில தனியா உக்காந்து சிரிச்சேன். நீ போனதுலருந்து அன்னிக்கிதான் சிரிச்சேன்.

அப்புறம் ரீசெட் அடிச்சேன். எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேட்டுச்சு. மறுபடியும் கேட்டுச்சு. அழிச்சு முடிச்சு ஸ்க்ரீன் வெளுத்து, புது ஆளப் பாக்குற மாதிரி எனக்கு வணக்கம் சொல்லுச்சு. அன்னிக்கே சின்னி வந்து வாங்கிகினு ஹாஸ்டலுக்குப் போனா. வாசல்ல நின்னு, "அக்கா போட்டோ ஒண்ணு வால்பேப்பரா வச்சிக்கட்டா பாவா?"ன்னா. வச்சிக்கோன்னேன்.

மறுநாளு கண்ண முழிச்சப்ப ஜன்னல்ல வெயிலு. ட்ரெயின் எப்பவோ போயிருந்துச்சு.

அலாரத்த விட்டுட்டேன். ஊருக்கெல்லாம் சொல்றவன் நானு. அது ஒரு தகவல்னே எனக்குத் தோணல, விடியறது மாதிரி அதுபாட்டுக்கு நடக்கும்னு இருந்துட்டேன். கட்டில்லயே உக்காந்திருந்தேன். அம்மா டீய வச்சிட்டு, மெதுவா, "இன்னைக்கி கோழி கூவலயாப்பா?"ன்னாங்க. அவங்களும் தினம் கேட்டுகினுதான் இருந்திருக்காங்க.

என் போன் வேற கம்பெனி. இருக்குற சத்தத்தெல்லாம் போட்டுப் பாத்தேன். மணி, மழை, குருவி. அந்த கோழி இல்ல. அப்பதான் மூளையே வேல செஞ்சுது. நீ சேத்து வச்சதத்தான் ரீசெட் அழிக்கும், போன் வரும்போதே கூட வந்தது போவாது. சின்னிக்கு போன் பண்ணேன்.

"அலாரம் சத்தத்துல கோழி கீதா பாரு."

"எதுக்கு பாவா?" கேட்டுட்டு அவளே நிறுத்திட்டா. "அக்கா லீவுல அம்மா வீட்டுக்கு வந்தா எங்களையும் அதாலதான எழுப்புவா. இரு, அம்மாவோட சின்ன போன வாங்கியாந்திருக்கேன், இதுல கூவ விட்டு அதுல ரெக்கார்ட் பண்ணி வாட்ஸாப்ல அனுப்புறேன்."

வந்துச்சு. அதே கோழி, மூணு கூவல். முடியுற எடத்துல சின்னிகூட தங்கியிருக்குற பொண்ணு கத்துறா: "ஏய், யாருடி அது, அந்த கோழிய அறுத்து கொழம்பு வச்சிடுவேன்!" அத வெட்டி எடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆவாது. வெட்டல. உனக்கு ரொம்ப புடிச்சிருக்கும்.

இப்ப என் போன்ல அஞ்சேகாலுக்கு கோழி கூவுது, பின்னாடியே அந்த பொண்ணு திட்டுறா, பக்கத்து ரூம்ல அம்மா பொரண்டு படுக்குறாங்க. நான் வண்டிய எடுக்குறேன். அந்த ஸ்பீட் பிரேக்கர் வரும்போது கை தானா பிரேக்க புடிக்குது. முன் சக்கரம் ஏறி எறங்குது, பின் சக்கரம் ஏறி எறங்குது, மெல்லத்தான் போறேன். சட்னி கொட்டாது.