என் கதிரைக்கு ஒருவர்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

நெஞ்சுத் தையல் அரிக்கிறது. அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தமாம், குல்சும் சொல்கிறாள். என் மனைவிக்கு எல்லாம் நல்லதுக்குத்தான். உப்பில்லாத பருப்பும் நல்லதுக்குத்தான்.

பைபாஸ் முடிந்து இன்றோடு இருபத்தாறு நாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். வார்டில் என் கையைப் பிடித்து முதல் பத்து அடி நடக்க வைத்த நர்ஸ் கிருஷாந்தியின் பெயரை துஆவில் சேர்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது.

இன்று கிளினிக். டொக்டர் மூன்றே மூன்று சொன்னார்: மைதானம் வேண்டாம், கத்தல் வேண்டாம், கோபம் வேண்டாம். ஹில்சைட் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளராக இருபத்திரண்டு வருடம் நான் செய்த வேலையே அந்த மூன்றும்தான்.

பின்னேரம் லோஜினி வந்தாள். கழகச் செயலாளர், பகலில் காப்புறுதிக் கம்பனி வேலை. எங்கள் வீடு இருக்கும் அம்பிட்டிய ஏற்றத்தில் பப்பாசி ஒன்றைச் சுமந்துகொண்டு ஏறி வந்திருக்கிறாள்.

"அங்கிள், லீக் பதிவுக்கு மே முப்பத்தொண்ணு கடைசி. அதுக்குள்ள புதுப் பணிப்பாளர் பெயர் குடுக்காட்டி இந்த வருசம் நமக்கு ஆட்டமே இல்ல. கமிட்டி சொல்லுது, ஆளைத் தேடுற பொறுப்பு உங்களுக்குத்தானாம்."

என் கதிரைக்கு நானே ஆள் தேட வேண்டும். சரி. உயிரோடு இருந்து தேடக் கிடைத்ததே.

பெப்ரவரி 16, ஞாயிறு

விளம்பரத்துக்கு என் வேலைகளை லோஜினி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பயிற்றுநரைத் தெரிவுசெய்வது, பிள்ளைகளைத் தெரிவுசெய்வது, மைதானத்துக்கு மாநகர சபையில் காத்துக் கிடப்பது, வீரர்களின் தாய் தகப்பனுக்குப் பதில் சொல்வது. பதினொரு வரி. கத்துவது என்று ஒரு வரி இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை.

மார்ச் 5, புதன்

நான்காம் நோன்பு. எனக்குத்தான் இல்லை. மருந்தை விழுங்கப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கிறேன், களவெடுப்பவன் மாதிரி. குல்சும் வெளியே நின்று, "அல்லாஹ்வுக்குத் தெரியும், நல்லாக் குடிங்க" என்கிறாள்.

கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்தார். மடிக்கணினியில் அழகான படங்கள், அம்புக்குறிகள். கெட்டவர் இல்லை, படித்தவர். மைதானத்துக்கு வேலி இல்லை, பந்து பள்ளத்தில் போனால் ஒருவர் இறங்கி எடுக்க வேண்டும் என்றதும் ஏதோ குறித்துக்கொண்டார். கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் போதுமா என்று கேட்டார். பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு

குல்சுமின் தங்கை மகன் அஹ்னாப் விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஐரோப்பாவில் எந்தக் கழகம் யாரை எவ்வளவுக்கு வாங்கியது என்று மனப்பாடம். நம் கோல் காப்பாளரின் பெயரைக் கேட்டேன். "மாத்துவோம் பெரியப்பா" என்றான். பெயர் தெரியாமலே மாற்றுவானாம்.

குல்சும் சிரித்த சிரிப்பில் அந்த விண்ணப்பம் முடிந்தது. தங்கையிடம் அவளே சொல்லிக்கொள்வாள்.

மார்ச் 22, சனி

லோஜினி வந்தாள். "அங்கிள், ஒரு ஆள் இருக்காரு. விண்ணப்பம் போடல. பிலிமத்தலாவை கணேஸ்."

பகலில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. பின்னேரம் நாற்பது பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறாராம், பயிற்றுநர் சான்றிதழும் எடுத்திருக்கிறாராம். நம் அணியின் நல்ல ஆட்டக்காரர் மூன்று பேரும் அவர் கையில் வளர்ந்தவர்களாம்.

'எடுத்திருக்கிறாராம்' என்று கேள்விப்பட்டவன் மாதிரி எழுதுவது எதற்கு? எனக்கு எல்லாம் தெரியும்.

"வேணாம்" என்றேன்.

"ஏன் அங்கிள்?"

"ஒத்துவராது."

பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

2007 ஆகஸ்ட். பதினேழு வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம். கணேஸ் நம் இடது பக்க வீரர். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்படி ஒரு இடது காலை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. இரண்டு நாளுக்கு முன் எதிரணி முறைப்பாடு கொடுத்தது: வயது கூட என்று. லீக் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. சான்றிதழ் வீட்டில் இல்லை என்றார் கணேஸ். நான் கத்தினேன். "எந்தப் பேப்பர் எண்டாலும் பரவால்ல, விடியக் கொண்டு வா" என்றேன். நான்தான் சொன்னேன்.

அவர் கொண்டு வந்தார். பெயர் சின்னமுத்து என்று இருந்தது. வீட்டில் ஒரு பெயர், பேப்பரில் ஒரு பெயர் என்பது தோட்டத்தில் புதிதில்லை, பெயரை நான் கணக்கெடுக்கவில்லை. ஆண்டைப் பார்த்தேன். 1987. இருபது வயது.

அத்தனை பேருக்கும் முன்னால் கள்ளன் என்றேன். பதிவு அட்டையைக் கிழித்தேன். அவர் அழவில்லை. ஒன்றுதான் சொன்னார்: "இது செத்துப்போன அண்ணனோடது. ஒருக்கா வந்து எங்க அம்மாகிட்ட கேளுங்க ஹாஜியார்."

நான் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "தாய்மார் பொய் சொல்லுவாங்க. பேப்பர் சொல்லாது."

கேட்டேனா? கேக்கல்ல. அரை மணித்தியால பஸ் பயணம். ஏன் போகல்ல? எனக்கு ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்திலும் தோற்றோம், அந்தத் தோல்வியையும் அவர் தலையிலேயே கட்டினேன்.

2009இல் அந்தத் தோட்டத்தில் முன்பு கிளாக்கராக இருந்தவர் என் மின்சாதனக் கடைக்கு ஃபேன் வாங்க வந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: மூத்த பிள்ளை எட்டு மாதத்தில் போய்விட்டது, கணேஸின் பிறப்பை யாரும் பதியவே இல்லை, வீட்டில் இருந்த ஒரே பேப்பர் அதுதான் என்று. ஃபேனைக் கட்டிக் கொடுத்தேன். வாயைக் கட்டிக்கொண்டேன்.

பதினாறு வருடம்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வட்டிலப்பம் ஒரு கரண்டி, குல்சும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. பள்ளிவாசலில் எல்லோரையும் கட்டிப்பிடித்து மாப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய இடம் பிலிமத்தலாவையில் இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

குல்சுமிடம் நேற்றுச் சொன்னேன். திட்டவில்லை. "த்ரீவீல் சொல்லுங்க. நானும் வாறேன். தனியப் போனா பேராதனையோட திரும்பி வந்துருவீங்க" என்றாள். இந்தப் பெண்ணை எனக்குக் கொடுத்ததற்கு எந்தத் தொழுகையில் நன்றி சொல்லி முடிப்பேன்?

கணேஸ் வீட்டில்தான் இருந்தார். நரை இரண்டொன்று விழுந்திருக்கிறது. தாய் நல்லம்மா குண்டசாலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு, "ஹாஜியார், உடம்பு எப்படி இருக்கு?" என்றார். 

"கணேஸ், அந்தப் பேப்பர் உங்கட அண்ணன்ட. எனக்குத் தெரியும். பதினாறு வருசமாத் தெரியும்."

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "உங்களுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுல ஒரு ஆறுதல் இருந்துச்சு."

 குல்சும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா அந்த வாரம் முழுக்கக் கொழுந்தெடுக்கப் போகல. நீங்க வருவீங்க, கேப்பீங்கன்னு இருந்தாங்க. இஞ்சி பிஸ்கட் ஒரு பெக்கட் வாங்கி அலுமாரியில வெச்சிருந்தாங்க. பொறகு தங்கச்சி தின்னுட்டா."

கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடியை விடப் பலமாக விழுந்தது.

வந்த விசயத்தையும் சொன்னேன், பணிப்பாளர் கதிரையைப் பற்றி. "ஆச இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா உங்க கூட்டப் புத்தகத்துல நான் மோசடிக்காரன். மோசடிக்கு நீக்கின ஆள் பதவிக்கு வர ஏலாதுன்னு கழக யாப்பு விதியில இருக்கு. இந்த வீட்டுல வந்து சொன்னா பத்தாது ஹாஜியார். எல்லாருக்கும் முன்னாலதான் என்னையக் கள்ளன்னு சொன்னீங்க."

நியாயம். திரும்பி வரும் வழியில் குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புத்தரின் புனிதப் பல்லைக் காட்டும் தலதா தரிசனத்துக்கு நாடே கண்டியில் நிற்கிறது. உண்மையைச் சொல்ல நான் நினைத்திருந்த, கழகத்தின் இருபத்தேழாம் திகதிப் பொதுக்கூட்டம் மே பதினெட்டுக்குத் தள்ளிப் போயிற்று. எனக்கு உள்ளூரச் சந்தோசம், அதை எழுதவும் வெட்கம்.

லோஜினி இன்னொரு செய்தி சொன்னாள். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிரியாவிடையாம். பொன்னாடையாம். 'இளம் வீரர்களின் தந்தை' என்று நினைவுப் பலகை எழுதக் கொடுத்தாயிற்றாம்.

வரிசையில் இரண்டு நாளாக நிற்கும் சனங்களுக்குப் பள்ளிவாசலைத் திறந்து விட்டிருக்கிறார்கள். குல்சும் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பிளேன்டீ ஊற்றப் போனாள். அனுராதபுரத்துப் பெண் ஒருத்தி அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். வந்து அதையே மூன்று தரம் சொன்னாள்.

மே 17, சனி

நாளைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் என்னை நல்லவனாகக் காட்டுகிறது. கிழித்துப் போட்டேன்.

மே 18, ஞாயிறு

எழுபது பேர் இருக்கும். மேசையில் பொன்னாடை, பக்கத்தில் பலகைப் பெட்டி. தலைவர் எழும்புமுன் நான் எழும்பினேன். 2007ஆம் ஆண்டுக் கூட்டப் புத்தகத்தை லோஜினியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

வாசித்தேன். "வயது மோசடி காரணமாக க. கணேஸ் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்." என் கையெழுத்து. அந்த நாளில் எழுத்து எவ்வளவு திடமாக இருந்திருக்கிறது.

"இது பொய். எழுதினது நான். பொய்யெண்டு ரெண்டு வருசத்துல தெரிஞ்சிட்டு. பதினாறு வருசம் மறைச்சதும் நான்தான்." பேப்பர் கதை, அண்ணன் கதை, ஃபேன் வாங்க வந்தவர் கதை, எல்லாம் சொன்னேன். தாயிடம் வந்து கேளுங்கள் என்று அவர் சொன்னதையும் நான் கொடுத்த பதிலையும் சொன்னேன். 

 அந்த வருட அணியில் விளையாடியவர் ஒருவர், இப்போது நல்ல பருமன், என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். கணேஸின் நண்பர் அவர். பதினெட்டு வருடம் கணேஸோடு பேசாமல் இருந்தவர், என் பேச்சைக் கேட்டு.

லோஜினி திருத்தத்தை எழுதி வாசித்தாள். கைகள் உயர்ந்தன. கணேஸின் பெயரை அவளே முன்மொழிந்தாள். திரும்பவும் கைகள். தலைவர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடுமாறினார், பிறகு மடித்துப் பையில் வைத்தார். அதுதான் சரி.

படியிறங்கும்போது லோஜினி பலகைப் பெட்டியை நீட்டினாள். "செஞ்சாச்சு அங்கிள், கொண்டு போங்க." குரலில் கோபம் இருந்தது. ஆனால் த்ரீவீல் வரும் வரை என் பக்கத்திலேயே நின்றாள்.

பலகையைக் குல்சும் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

நெஞ்சு வலிக்கவில்லை. இந்த நாள் வரைக்கும் அதை ஓட வைத்த டொக்டர்மாருக்கு, கிருஷாந்திக்கு, படைத்தவனுக்கு — நன்றி. ஜனவரியில் போயிருந்தால் நல்லவன் என்ற பெயரோடு போயிருப்பேன். கணேஸ் கள்ளனாகவே இருந்திருப்பார்.

மே 27, செவ்வாய்

கணேஸ் லீக் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். லோஜினி படம் அனுப்பினாள்.

ஜூன் 8, ஞாயிறு

கடைத்தெருவில் இரண்டு பேர் ஸலாம் சொல்லாமல் போனார்கள். அந்தப் பருமனானவர் கடைக்கு வந்து ஒரு பல்ப் வாங்கினார். ஒன்றும் பேசவில்லை. வந்தாரே, அது போதும்.

ஜூன் 15, ஞாயிறு

கணேஸிடமிருந்து தொலைபேசியில் செய்தி. கூட்டத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஹாஜியார், இளையோர் பதிவு தொடங்குது. பேப்பர் சரியில்லாத வீடு ஏழு இருக்கு. வீட்டுக்குப் போயி தாய்மார்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வர ஒரு ஆள் வேணும். டொக்டர் நடக்கச் சொன்னாராமே? கத்துற வேல இல்ல. முதல் வீட்டு விலாசம் கீழ இருக்கு."

விலாசத்தைப் பார்த்தேன். பிலிமத்தலாவை. தாயின் பெயர்: நல்லம்மா.

நான் இரண்டு தரம் வாசித்தேன். குல்சும் வாங்கி வாசித்தாள். பிறகு போய் என் வெள்ளைச் சட்டைக்கு அயன் பிடித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

பஸ்ஸில்தான் போனேன். தனியாக.

கணேஸ் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் நல்லம்மா நின்றார். எழுபது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வழி தெரியலயோ இவ்வளவு நாளா?"

"தெரியும்" என்றேன். "வரல்ல."

"சரி, ஒக்காருங்க."

சீனி போட்ட பிளேன்டீ. தட்டில் இஞ்சி பிஸ்கட். இரண்டு தின்றேன், டொக்டரும் குல்சுமும் மன்னிக்கட்டும்.  கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கணேஸ் எப்ப பொறந்தாரு?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார்.

"தொண்ணூறாம் வருசம், ஐப்பசி மாசம். பெரியவன் போயி மூணு வருசம் கழிச்சு. சரியான மழ அன்னிக்கி, லயத்துக் கூர ஒழுகுது, மருத்துவச்சி வர ஏலல..." அங்கே நிறுத்தி என் கையைப் பார்த்தார். "எழுதிக்கிறீங்களா?"

பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். எழுதிக்கொண்டேன்.