ஐந்தாவது பாட்டின் கடைசியில்

கியூமின்,

நேற்றுபோல் கதவை உதைக்கமாட்டேன். அடுப்பில் கிம்ச்சி சூப் இருக்கிறது, நான் வேலைக்குக் கிளம்பியதும் வெளியே வந்து குடி. "எத்தன நாளுடி இப்படி உள்ளேயே அடைஞ்சு கெடப்பான்?" என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுக்கிறாள்.

முழங்கால் போய் உன்னால் ஆட முடியாமல் போனதும் பாட்டுக் குழுவிலிருந்து உன்னைக் கழற்றிவிட்டார்களே, அந்தப் பயல்களின் புது ஆல்பத்தை பஸ்ஸிலேயே முழுசாகக் கேட்டேன். மட்டமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன். நன்றாகவே இருக்கிறது, பாழாய்ப் போக! குழுவில் நீ பாடிய வரிகளையெல்லாம் இப்போது ஹேசங் பாடுகிறான்.

சூப் சட்டியை மூடி வை.

சோரா அக்கா

பி.கு: ஐந்தாவது பாட்டு முடிந்ததும் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். உன் குரலை அழித்தவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள். அது உன் சிரிப்புடா. இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஊரே கேட்கிறது, வீட்டில் எங்களுக்குக் கிடையாதா? கதவைத் திற.