லவன் சொல்லிவிட்ட முடிவு

லாச்சப்பல் கடைத்தெரு

அன்புள்ள வள்ளிநாயகிக்கு,

உமது கால் வீக்கம் வற்றியதா? நான் நல்ல சுகம். எழுபது வயதில் எழுத்துக்கூட்டி, நீர் கொடுத்துவிட்ட புத்தகத்தையே வாசிக்கிறேன், பாரும்!

நூறு வருடத்துக்கு முந்திய லண்டன் பட்மின்டன் போட்டியின் கதை. நெட்டையனும் கட்டையனும் மோதும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். நேற்று, என்னோடு கடையில் நிற்கும் லவன் போனில் தேடிப் பார்த்து, "அண்ணை, கட்டையன்தான் வெண்டவன்" என்று சொல்லிவிட்டான்.

"ஏன்ரா சொன்னனி?" என்று கத்தினேன்.

"நூறு வருசமா ஊருக்கே தெரிஞ்ச முடிவண்ணை!" என்று சிரிக்கிறான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

உம்மைப்போல, நான் ஒரு பக்கம் முடிக்கும்வரை பொறுத்திருக்க இங்கே ஒருவரும் இல்லை. மகள் தயாளினி இங்கே வரும்போது, போனில் தேடினாலும் முடிவு கிடைக்காத வேறொரு புத்தகம் அவளிடம் கொடுத்துவிடும். லவன் புரட்டிப் பார்க்காதபடி கடைசிப் பக்கங்களைப் பசை பூசி ஒட்டிவிடும். கடை திறக்கும் நேரமாகிவிட்டது.

உமது
பொன்னம்பலம்