தலைவரைச் சிரிக்க வைத்த பதில்

கோட்டைமேடு, கோவை
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகப்ரியாவுக்கு,

சஃபியாவின் ஸலாம். நீயும் ரவிக்குமாரும் ஜெர்மனிக் குளிரில் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே ஆஸிமுக்குக் கடை, எனக்கு மாலையில் டியூஷன். ரிஃபானா பத்தாவது பரீட்சை முடித்துவிட்டு வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ உடனே கூப்பிடுவாய். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசிவிடுவேன். அதனால்தான் காகிதம்.

முதலில் உன் அம்மா. போன வாரம் பெருந்துறைக்குப் போய்ப் பார்த்தேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை வந்தார்கள். டாக்டர் சொன்ன பயிற்சியைத்தான் செய்வதில்லை. நீ அதட்டினால் கேட்பார்கள். நான் உட்காருவதற்குள், "ஏங்கண்ணு, காலேஜ் விழாவுல எம்பட புள்ள பேசுனதக் கேட்டயா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துபோச்சு" என்றார்கள். கேட்டேனுங்க என்றேன். விடவில்லை. போனில் இருந்த பதிவை மறுபடியும் முழுசாகப் போட்டுக் காட்டினார்கள்.

விழா நன்றாகவே நடந்தது. நம் ஆடிட்டோரியத்துக்கு இப்போது ஏசி போட்டுவிட்டார்கள். ரிஃபானாவையும் கூட்டிப் போயிருந்தேன். பெரிய திரையில் நீ நேரலையில் வந்தாய். அந்தப் பச்சைப் பட்டு எனக்குத்தான் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பிறகு நம் கடைசி வருஷக் கண்காட்சியில் எடுத்த அந்தப் போட்டோவைக் காட்டினார்கள். டெல்லியிலிருந்து வந்த தலைவர் உன் கையைக் குலுக்குகிறார், நீ சிரிக்கிறாய், மேஜையில் நம் ப்ராஜெக்ட் பெட்டி. ஓரத்தில் கொஞ்சம் கறுப்புத் துணி தெரியும். அது என் துப்பட்டா.

உடுமலையில் உன் மாமா தோப்புக்கு மோட்டார் போட டார்ச்சோடு நடந்ததைச் சொன்னாய். செல்போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்படி நாம் செய்ததைச் சொன்னாய். "நாங்கள்" என்றுதான் சொன்னாய், அதில் குறையில்லை. அதற்கப்புறம், கரண்ட் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தலைவர் குனிந்து கேட்டதைச் சொன்னாய். "கரண்ட் வந்ததும் மோட்டாரே உங்களைத் திருப்பிக் கூப்பிடுமுங்க சார்னு சொன்னேன். வாய்விட்டுச் சிரிச்சுட்டாரு" என்றாய். அரங்கமே கைதட்டியது. ரிஃபானாவும் தட்டினாள்.

ப்ரியா, அந்தப் பதில் என்னுடையது.

அவர் இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் புரிந்தது, வாயில்தான் இங்கிலீஷ் வரவில்லை. உன் காதோரம் தமிழில் சொன்னேன். நீ அதை இங்கிலீஷில் அழகாக எடுத்துச் சொன்னாய். அவர் சிரித்தார், உன் கையைப் பிடித்தார். காவலுக்கு வந்தவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அன்று உக்கடம் பஸ்ஸில் நீயேதான், "நீ மட்டும் சொல்லலீன்னா நான் பேந்தப் பேந்த முழிச்சிருப்பேன் புள்ள" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாய்.

நீ பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. வேலைக்கான இன்டர்வியூவில் சொன்னாய், அங்கே புது நண்பர்களிடம் சொன்னாய். சொல்லச் சொல்ல உனக்கே அது அப்படி ஆகியிருக்கும். நான் யாரிடம் சொன்னேன்? படித்து முடித்ததும் கல்யாணம். போட்டோவில் இல்லாதவள் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று ஆஸிமிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பேசி முடித்ததும் முஜீப், நம் ஜூனியர், இப்போது அங்கேயே பேராசிரியர், என்னிடம் மைக்கை நீட்டினான். "அக்கா, நீங்களும் அந்த ப்ராஜெக்ட்ல இருந்தீங்களே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். நீ திரையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, "சஃபீ!" என்று சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாய். "ப்ரியா அன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசுனாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ரிஃபானா, தானும் இன்ஜினியரிங்தான் படிக்கப்போவதாகவும் ப்ரியா ஆன்ட்டி மாதிரி வரப்போவதாகவும் சொன்னாள். அப்புறம், "அந்தத் தலைவர் வந்தப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் நின்றேன் என்றேன். "ஓ" என்றாள்.

உன் வேலை, உன் வீடு, பனியில் நின்று எடுத்துப் போடுகிற படங்கள், எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை உண்டு. அதோடு குடும்பம் நடத்திப் பழகிவிட்டேன். என் மகள் என் பதிலுக்கு உனக்குக் கைதட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

கல்லூரிக்கு எதுவும் எழுத வேண்டாம். உன் அம்மாவிடமும் சொல்லாதே, அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். டிசம்பரில் வரும்போது ஒருநாள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வா. சாப்பிட்டதும் ரிஃபானாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்று நடந்ததை நீயே அவளுக்கு ஒருமுறை சொல். நான் சொன்னால் அம்மாவுக்குப் பொறாமை என்பாள். அதுவும் உண்மைதானே.

நீ சொல்லும்போது நான் அடுப்படியில் இருப்பேன். கதவைச் சாத்தமாட்டேன்.

இறைவன் உனக்கு எல்லா நலமும் தரட்டும்.

என்றும் உன்
சஃபியா