முகட்டில் முனகிய கம்பு

அன்புள்ள அம்மாவுக்கு வேல்விழி எழுதுவது. முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? எனக்கு ஜப்பான் குளிர் பழகிவிட்டது.

போனில் சொன்னால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் ஹருகாவோடு மலைக்குப் போனேன். காடெல்லாம் இலை சிவந்து கிடந்தது. நாள் முழுக்க முகட்டின் மேலேயே நடந்தோம். சாயங்காலம் மேகம் இறங்கி, காற்று சட்டென்று நின்றுவிட்டது. கையில் ஊன்றியிருந்த அலுமினியக் கம்பு வண்டு மாதிரி முனகியது. ஹருகாவின் தலைமுடி எழுந்து நின்றது. அவள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள்.

எனக்கு உன் பட்டாசுக் கம்பெனி வாசலில் இருக்கும் செம்புத் தகடுதான் நினைவுக்கு வந்தது. நான் சோறு கொண்டுவந்தால் உள்ளேயிருந்து கத்துவாயே, "ஏ புள்ள, தகட்டத் தொட்டுட்டு வா! உடம்புல கரண்டு நிக்கும், ஒரு பொறி போதும்!" கம்புகளை எறிந்துவிட்டு அவளைச் சரிவில் இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் நின்ற இடத்திலேயே இடி விழுந்தது. கையில் சிராய்ப்பு மட்டும்தான், பயப்படாதே.

சாத்தூர் சேவு கொஞ்சம் அனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை.

இன்று காலை நீ கம்பெனி வேனில் ஏறுகிற போட்டோவைத் தங்கச்சி அனுப்பினாள். நான் அனுப்பிய பாலியஸ்டர் சேலையைக் கட்டியிருக்கிறாய். பாலியஸ்டர் உரசினாலே உடம்பில் கரண்டு ஏறும், வெடிமருந்து செலுத்தும் அறைக்குப் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீதானே? தீபாவளி சீசன் அவசரத்தில் யாரும் பார்க்கவில்லையா? அதைக் கோயிலுக்கு மட்டும் கட்டு.

வேலை நேரத்தில் உங்கள் எல்லோர் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தெரியும். ஆனால் வேலை விட்டு வெகுநேரம் ஆகிவிட்டது. எத்தனை தடவை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை, தங்கச்சியும் எடுக்கவில்லை. போனை எடும்மா.

வேல்விழி